கண்ணீர் வந்தால் மகிழும் தாதி

அன்றாடக் கணங்களில் மகிழ்வும் அர்த்தமும் காணுதல்: குடும்பங்களும் குழுக்களும் சேர்ந்து படிப்பதற்கு

வயிற்றோட்டத்தால் வாடிப்போன குழந்தையைத் தாயொருத்தி வைத்தியசாலைக்குத் தூக்கி வருகிறாள். குழந்தை வீரிட்டு அழுகிறது. ஆனால் கண்ணில் ஈரமில்லை. தாதி குழந்தையின் வயிற்றுத் தோலை மெல்லக் கிள்ளிவிட்டுப் பார்க்கிறார். தோல் உடனே பழைய நிலைக்குத் திரும்பாமல் மடிந்தபடி நிற்கிறது. கண்கள் உட்குழிந்திருக்கின்றன. உடலில் நீர் வற்றிவிட்டது என்பதற்கு இவை அடையாளங்கள். ஜீவனிக் கரைசலைக் கரண்டி கரண்டியாகப் பருக்குகிறார்கள். நிலைமை கடுமையென்றால் சேலைனும் ஏற்றுவார்கள். சில மணி நேரத்தின் பின் குழந்தை மறுபடியும் அழுகிறது. இம்முறை கன்னத்தில் கண்ணீர் வழிகிறது.

"ஐயோ, பிள்ளை இன்னும் அழுகுதே மிஸி" என்று தாய் கலங்குகிறாள்.

தாதி சிரிக்கிறார். "அழட்டும் அம்மா. கண்ணீர் வருகுது, பாருங்கோ" என்கிறார்.

எந்த வார்ட்டிலும் நடக்கக்கூடிய காட்சி இது. அழுகை ஒன்றுதான். தாய்க்கு அது வேதனையாகவும் தாதிக்கு மகிழ்வாகவும் தெரிகிறது. தாதி கல்நெஞ்சுக்காரி என்பதனாலா? இல்லை. எதைப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அறிந்து பார்க்கும் கண்ணுக்கு மட்டும் அகப்படும் மகிழ்வு அது. இப்படிப் பார்க்கும் பழக்கத்தைப் பற்றியே இந்தப் பாடத்தில் சிந்திக்கப் போகிறோம்.

காத்திருக்கும் காலமும் வாழ்வுதான்

திருகோணமலை மாவட்டத்தின் கமக்காரக் குடும்பங்களுக்கு இடப்பெயர்வு புதிதல்ல. 1985, 1990, 2006 என்று ஆண்டுகளைச் சொன்னாலே போதும். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கதை எழும்பும். 2004இல் கடலும் ஊருக்குள் வந்தது. அடுத்த வீட்டில் தங்கினோம், பாடசாலையில் தங்கினோம், தறப்பாள் கொட்டிலில் தங்கினோம். அங்கெல்லாம் எமது வாயில் அடிக்கடி வந்த வார்த்தை ஒன்றுண்டு: "ஊருக்குத் திரும்பின பிறகுதான் எங்களுக்கு வாழ்க்கை."

இந்த வார்த்தையில் நியாயம் இருக்கிறது. வயலும் வளவும் இல்லாத கமக்காரனுக்குப் பொழுது எப்படிப் போகும்? ஆனால் அதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. சம்பூர் மக்களை எண்ணிப் பாருங்கள். 2006 ஏப்ரலில் அவர்கள் ஊரை விட்டு ஓடினார்கள். கிளிவெட்டி போன்ற இடங்களில் ஆண்டுக்கணக்காகக் காத்திருந்தார்கள். 2015இலும் 2016இலும்தான் பலருக்குத் தம் காணிகளில் மீண்டும் கால் வைக்க முடிந்தது. இடம்பெயரும்போது 6 வயதாயிருந்த பிள்ளை திரும்பும்போது 15, 16 வயதை எட்டியிருக்கும். பெற்றோருக்கு அது காத்திருந்த காலம். பிள்ளைக்கோ அதுதான் குழந்தைப் பருவம் முழுவதும். அந்தப் பருவம் எந்தக் காணியோடும் திரும்பி வராது.

பால்பல் விழுந்ததும், முதன்முதல் தன் பெயரைத் தானே எழுதியதும், தங்கையைத் தூக்கி இடுப்பில் வைத்ததும் அந்தக் கொட்டிலில்தான் நடந்தன. அவற்றை யார் பார்த்தார்கள்? யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்? இந்தக் கேள்விக்காகவே ஒரு தாதியிடமும் ஒரு புகைப்படக்காரரிடமும் நாம் பாடம் கேட்கிறோம். இருவருடைய தொழிலும் பார்ப்பதுதான்.

தாதியின் கண்

நவீன தாதியியலுக்கு வழிவகுத்தவர் புளோரன்ஸ் நைற்றிங்கேல். தாதிப் பணி பற்றி 1859இல் அவர் எழுதிய சிறு நூலில், நோயாளியை உற்றுக் கவனிப்பது பற்றித் தனி அத்தியாயமே உண்டு. நோயாளி எவ்வளவு தூங்கினார், எவ்வளவு உண்டார், முகத்தின் நிறம் எப்படி மாறியது என்பவற்றைச் சரியாகப் பார்த்துச் சொல்லத் தெரியாதவர், எவ்வளவு அன்பிருந்தாலும் நல்ல தாதியாக முடியாது என்பது அவருடைய எண்ணம்.

அதே நூலில் இன்னொன்றையும் சொல்கிறார். ஒரே சுவரையும் ஒரே கூரையையும் பார்த்துக்கொண்டே கிடப்பது நோயாளியை வாட்டும். அழகான ஒரு பொருள், பளிச்சென்ற ஒரு நிறம் உடலுக்கே நன்மை செய்யும் என்கிறார். தாம் நோயுற்றிருந்தபோது யாரோ அனுப்பிய காட்டுப்பூக் கொத்து ஒன்று வந்த நேரத்திலிருந்து விரைவாகக் குணமடைந்ததையும் நினைவுகூருகிறார். விலை கொடுத்து வாங்கிய பூவல்ல, காட்டுப்பூ.

எமது கிராமங்களிலும் இந்தக் கண் வேலை செய்கிறது. நாம் மிட்வைப் என்று அழைக்கும் குடும்பநல உத்தியோகத்தர் கிளினிக் நாளில் குழந்தையைத் தராசில் வைத்து நிறுக்கிறார். பிறகு பிள்ளையின் பதிவுப் புத்தகத்தில் ஒரு புள்ளி வைக்கிறார். மாதம் ஒரு புள்ளி. புள்ளிகளைச் சேர்த்தால் ஒரு கோடு. கோடு மேலே ஏறினால் பிள்ளை வளர்கிறது. மட்டமாகப் போனால், நோய் முற்றுவதற்கு முன்பே எச்சரிக்கை கிடைத்துவிடும். முகாமாக இருந்தாலும் சொந்த ஊராக இருந்தாலும் அந்தக் கோடு நிற்பதில்லை. அந்தப் புத்தகத்தில் காத்திருக்கும் காலம் என்று ஒரு பக்கமும் வெறுமையாக விடப்படுவதில்லை.

இந்தக் கண் எமக்குப் புதிதா? நெல்லின் இலை வெளிறுவதைக் கண்டு பசளை போதாது என்று சொல்பவர் யார்? பயிர் குடலைப் பருவத்துக்கு வந்துவிட்டது, கதிர் பால் பிடித்துவிட்டது என்று வரம்பில் நின்றபடியே அறிபவர் யார்? மாடு அசைபோடாமல் நின்றால் ஏதோ சுகமில்லை என்று உணர்பவர் யார்? கமக்காரரின் கண்ணும் தாதியின் கண்ணும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவை. வயலை இழந்தவரும் அந்தக் கண்ணைத் தம்மோடு கொண்டுதான் வந்திருக்கிறார்.

கமராவும் சுமந்த தாதி

போர்க்காலத் தாதியரை எமது கடலும் அறியும். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தின் மீது குண்டு வீசின. அதே நாளில் மட்டக்களப்புக்கு அப்பால் ஹெர்மிஸ் என்ற பிரித்தானியக் கப்பல் மூழ்கடிக்கப்பட்டது. அருகில் இருந்த வீட்டா என்ற வைத்தியக் கப்பல் ஏறத்தாழ 600 பேரைக் கடலிலிருந்து மீட்டது. அப்படியான பணியில் இருந்துகொண்டே கமராவும் பிடித்த ஒரு பெண்ணை அறிய, நாம் அதற்கு முந்திய உலகப் போருக்குப் போக வேண்டும்.

அவருடைய பெயரும் புளோரன்ஸ்தான். புளோரன்ஸ் ஃபாம்பரோ 1887இல் இங்கிலாந்தில் பிறந்தவர். ரஷ்யாவுக்குச் சென்று, மொஸ்கோவில் ஒரு வைத்தியரின் பெண்பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பித்து வந்தார். 1914இல் போர் தொடங்கியதும் வைத்தியசாலையில் தொண்டராகச் சேர்ந்தார். பயிற்சி முடித்து, செஞ்சிலுவைத் தாதியாக 1915இல் போர்முனைக்குப் போனார்.

அந்த ஆண்டு ரஷ்யப் படை பெரும் பின்வாங்கலுக்கு உள்ளானது. படையோடு வைத்திய அணியும் இடம்விட்டு இடம் ஓடியது. வண்டிகளில் பண்டபாத்திரங்களை ஏற்றிக்கொண்டு கமக்காரக் குடும்பங்களும் அதே பாதையில் ஓடின. அந்தப் பாதை எப்படியிருந்திருக்கும் என்று உங்களுக்கு நாம் விளக்கத் தேவையில்லை.

இதற்கு நடுவில் அந்தத் தாதி இரண்டு காரியங்களைக் கைவிடவில்லை. கிடைத்த காகிதத்தில் நாட்குறிப்பு எழுதினார். கண்ணாடித் தகடு போட்டுப் படமெடுக்கும் பாரமான கமராவைத் தூக்கிச் சென்றார். இன்றைய கைத்தொலைபேசியைப் போலத் தட்டினால் படம் விழும் கருவி அல்ல அது. தகட்டை இருட்டில் மருந்து நீரில் கழுவினால்தான் படம் தெரியும். தங்கிய இடத்திலேயே இருட்டறை அமைத்து அவர் அதைச் செய்தார்.

எதைப் படமெடுத்தார்? போரில் இறந்தோரின் படங்கள் அவருடைய சேகரிப்பில் உண்டு. அவர் துயரத்துக்குக் கண்ணை மூடவில்லை. ஆனால் அவற்றோடு கூட, வேலைக்கு இடையில் இளைப்பாறும் தாதியரும் வழியில் கண்ட கிராமத்து மக்களும் அந்தச் சேகரிப்பில் இருக்கிறார்கள். 1918இல் ரஷ்யாவை விட்டுச் சைபீரியா ஊடாக ரயிலில் விளாடிவொஸ்தொக் துறைமுகம் போய்ச் சேர்ந்தார். நாட்குறிப்பு நூலாக வெளிவந்தது 1974இல். அப்போது அவருக்கு 87 வயது.

56 ஆண்டுகளின் பின் அது உலகுக்குப் பயன்பட்டது. ஆனால் எழுதிய அன்றும், தகட்டைக் கழுவிய அன்றும் அவருக்கு அது பயன்படவில்லையா? நாள் முழுவதும் காயம் கட்டிய கை, இரவில் இருட்டறையில் ஒரு முகம் தெளிந்து வருவதைப் பார்க்கும்போது என்ன உணர்ந்திருக்கும் என்று நாமே எண்ணிப் பார்க்கலாம்.

ஒரு தாதியும் ஒரு புகைப்படக்காரரும்

இருவேறு ஆட்கள் சேர்ந்த கதையும் ஒன்றுண்டு. அமெரிக்காவின் தென் கரோலைனா மாநிலத்தில் மோட் கலன் என்ற கறுப்பினத் தாதி 1923 முதல் வறிய கிராமங்களில் பணி செய்தார். பிரசவம் பார்ப்பதும், நோயாளரைப் பராமரிப்பதும், மருத்துவிச்சிகளுக்குப் பயிற்சி கொடுப்பதும் அவருடைய வேலை. கால் நூற்றாண்டுக்கு மேலாக அவரை வெளியுலகம் அறியவில்லை.

யூஜின் ஸ்மித் என்ற புகைப்படக்காரர் அவரோடு கூடவே இருந்து, அவருடைய அன்றாட வேலையைப் படமெடுத்தார். 1951 டிசம்பரில் லைஃப் சஞ்சிகை அந்தப் படங்களை வெளியிட்டது. பெரிய சம்பவம் எதுவும் அவற்றில் இல்லை. ஒரு பிரசவம், களைத்துப்போன ஒரு முகம், சேற்று வழி, ஒரு பிள்ளைக்குக் கொடுத்த உடுப்பு. பார்த்த வாசகர்கள் கேட்காமலே பணம் அனுப்பினார்கள். அந்தப் பணத்தால் மோட் கலனின் கிளினிக் 1953இல் திறக்கப்பட்டது.

இதில் எமக்கொரு பாடம் உண்டு. மோட் கலனுக்கு அவருடைய வேலை படம் வந்ததால் பெறுமதியாகவில்லை. அது முன்பே பெறுமதியாக இருந்தது. பொறுமையாகக் கூடவே நின்று பார்க்க ஒருவர் வந்தார், அவ்வளவுதான். எமது தாய்மார் தினமும் தண்ணீருக்கு நடப்பதும், இரவில் காய்ச்சல் பிள்ளையின் நெற்றியில் ஈரத்துணி வைப்பதும் அப்படித்தான். அவற்றைப் பார்க்க வெளியாள் வரவேண்டுமா? வீட்டிலுள்ளவர்களே பார்க்கலாமே.

அல்பம் போய்விட்டதே

"பார்க்கச் சொல்லுகிறீர்கள். எங்களிடம் இருந்த படங்களே போய்விட்டன" என்று நீங்கள் சொல்லலாம். கலியாணப் படம், தகப்பனாரின் ஒரே படம், மூத்தவனின் முதல் பிறந்தநாள் எல்லாம் எரிந்த வீட்டோடும் கடலோடும் போய்விட்ட குடும்பங்கள் பல. அந்த இழப்பு சிறிதல்ல. ஜப்பானில் 2011 ஆழிப்பேரலையின் பின், சேற்றிலிருந்து எடுத்த இலட்சக்கணக்கான குடும்பப் படங்களைத் தொண்டர்கள் ஒவ்வொன்றாகக் கழுவி, உலர்த்தி, உரியவரைத் தேடிக் கொடுத்தார்கள்.

படம் முற்றாகவே இல்லாதபோதும் வழி உண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கும் ஓவியர் தா. சனாதனன், இடம்பெயர்ந்த தமிழ், முஸ்லிம் மக்களைச் சந்தித்தார். விட்டுவந்த வீட்டின் நிலப்படத்தை நினைவிலிருந்து வரையும்படி கேட்டார். 80 பேரின் படங்களைக் கொண்டு 2011இல் ஒரு நூல் வந்தது. முற்றுப்பெறாத தோம்பு என்று பொருள்படுவது அதன் பெயர். தோம்பு என்றால் காணிப் பதிவேடு என்பது கமக்காரருக்குத் தெரியும். அரசாங்கத் தோம்பில் எல்லையும் பரப்பளவும் இருக்கும். இந்தத் தோம்பிலோ மக்களின் நினைவும் சேர்ந்திருக்கிறது.

வரைய ஒரு பென்சில் போதும். கிணறு எங்கே, மாட்டுக் கொட்டில் எங்கே, மாமரம் எங்கே என்று பிள்ளைகளுக்கு முன்னால் வரையுங்கள். நீங்கள் அழக்கூடும். அந்த முதலாவது குழந்தையை நினையுங்கள்: கண்ணீர் வருவது சில வேளைகளில் உடல் மீள்வதன் அடையாளம். மனதுக்கும் அப்படி ஒரு வேளை உண்டு.

துன்பத்தில் மகிழ்வு பற்றிப் பேசலாமா?

நேர்மையான கேள்வி இது. நிவாரணம் ஒழுங்காக வராத வீட்டில், காணிக்குள் போக அனுமதி இல்லாத குடும்பத்தில், சின்னச் சின்ன மகிழ்வைப் பாருங்கள் என்று சொல்வது கேலியாகத் தோன்றலாம். ஆகவே ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறோம். உங்கள் காணியைக் கேட்பதை விட்டுவிட்டு மகிழ்ந்திருங்கள் என்று எவராவது சொன்னால், அந்தப் பேச்சை ஏற்காதீர்கள்.

நன்றாகப் பார்ப்பவர் கேட்கவும் வல்லவராவார். காட்டுப்பூக் கொத்தைப் பற்றி எழுதிய அதே நைற்றிங்கேல்தான், போரில் சுகாதாரக் கேட்டால் எத்தனை படைவீரர் இறந்தார்கள் என்ற கணக்கை 1858இல் வரைபடமாக்கி, அரசாங்கத்தின் முன் வைத்தார். பூவைக் கண்ட கண்ணே புள்ளிவிபரத்தையும் கண்டது. சம்பூர் மக்களும் அப்படித்தான். காத்திருந்த ஆண்டுகளில் பிள்ளைகளை வளர்த்தார்கள், காணியையும் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

இந்த மகிழ்வு துன்பத்தை இல்லையென்று சொல்வதல்ல. தாதி குழந்தையின் கண்ணீரைக் கண்டு சிரித்தபோதும், அவருடைய கை கரண்டியைக் கீழே வைக்கவில்லை.

செய்து பார்ப்போம்

1. ஒரு நாளைக்கு ஒன்று. மாலையில் குடும்பமாக இருக்கும்போது ஒவ்வொருவரும் அன்று கண்ட ஒன்றைச் சொல்லட்டும். "நல்ல நாள்" என்று பொதுவாகச் சொல்வது போதாது. தாதியைப் போலச் சரியாகச் சொல்ல வேண்டும்: "ஆச்சி இன்றைக்கு இரண்டாம் முறையும் சோறு கேட்டா." "பட்டினத் தெருவில் மான்குட்டி ஒன்று பஸ்ஸுக்கு வழிவிடாமல் நின்றது."

2. ஒரு கொப்பி. பிள்ளையின் பாடசாலைக் கொப்பியில் எஞ்சிய தாள்கள் போதும். திகதி போட்டு ஒரு வரி எழுதுங்கள். எழுதத் தெரியாதவர் சொல்ல, பிள்ளை எழுதட்டும். சொல்பவருக்கும் எழுதுபவருக்கும் அது நன்மை.

3. கைத்தொலைபேசி உள்ளவர்கள் விசேட நாட்களில் மட்டும் படமெடுக்காதீர்கள். வேலை செய்யும் கைகளையும், பிள்ளை படிக்கும் இடத்தையும், வாசலில் நட்ட கத்தரியையும் எடுங்கள். காலை வெளிச்சமும் மாலை வெளிச்சமும் நல்லவை. வெளிச்சம் முகத்தில் விழும்படி நின்று எடுங்கள். தொலைபேசி பழுதானால் படமும் போய்விடும். ஆகவே முக்கியமான சிலவற்றையாவது ஸ்டூடியோவில் அச்சிட்டு வையுங்கள்.

4. அச்சிட்ட படத்தின் பின்புறம் பெயர், இடம், ஆண்டு மூன்றையும் மெதுவாகப் பென்சிலால் எழுதுங்கள். காணிப் பத்திரம், அடையாள அட்டை, பிள்ளைகளின் பதிவுப் புத்தகம் வைக்கும் அதே நீர்புகாத பையில் படங்களையும் வையுங்கள். ஓட நேர்ந்தால் ஒரே பையைத் தூக்கலாம்.

5. பழைய படங்கள் வெள்ளத்தில் நனைந்து ஒட்டிக்கொண்டால் இழுத்துப் பிரிக்காதீர்கள். சுத்தமான குளிர்ந்த நீரில் ஊறவிட்டு, தானாக இளகிய பின் பிரித்து, படப் பக்கம் மேலே இருக்க நிழலில் உலர்த்துங்கள்.

6. பிறரைப் படமெடுக்குமுன் அனுமதி கேளுங்கள். எமது துயரத்தை மட்டும் படம் பிடித்துக்கொண்டு போனவர்களை நாம் அறிவோம். உங்களை எடுக்க வருபவரிடமும் எதற்காக, எங்கே வெளியிடுவீர்கள் என்று கேட்கலாம். வேண்டாம் என்று சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு.

குழுவில் கலந்துரையாட

• இந்தக் கிழமை நீங்கள் கண்ட எந்தக் காட்சியை, உங்கள் தொழில் அறிவு இருந்ததனால் மட்டுமே காண முடிந்தது?

• "ஊருக்குத் திரும்பின பிறகுதான் வாழ்க்கை" என்ற பேச்சைக் கேட்டு வளரும் பிள்ளையின் மனதில் என்ன பதியும்?

• உங்கள் தாயோ மனைவியோ தினமும் செய்யும் எந்த வேலையை இதுவரை ஒருவரும் உற்றுப் பார்க்கவில்லை? இன்றைக்கு அவருக்கு அதைச் சொல்வீர்களா?

• மகிழ்வு காண்பதும் உரிமை கேட்பதும் ஒன்றுக்கொன்று எவ்வாறு துணை நிற்கலாம்?

முடிவாக

அடுத்த கிளினிக் நாளில் வரிசையில் நிற்கும்போது, பிள்ளையின் புத்தகத்தை விரித்துப் பாருங்கள். அந்தக் கோட்டில் உள்ள ஒவ்வொரு புள்ளியும் நீங்கள் ஊட்டிய ஒரு மாதச் சோறு, நீங்கள் விழித்திருந்த ஒரு மாத இரவு. ஊரில் இருந்த மாதத்துக்கும் ஊரை விட்டிருந்த மாதத்துக்கும் அதே பேனையால் அதே அளவு புள்ளிதான் வைத்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து அதைப் பிள்ளைக்கும் காட்டுங்கள். "இந்த மாதம் நாங்கள் இங்கே இருந்தோம். நீ இவ்வளவு வளர்ந்தாய்" என்று சொல்லுங்கள்.